தாமோதரன் திருப்பிவிட்ட கால் சுற்று

தாமோதரன் வாயிலிருந்து ‘தப்பு’ என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. முப்பது வருஷப் பழக்கம். வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து, பதினாலு வயசில் மணலி ரோட்டு டிரெய்லர் ஷெட்டில் சேர்ந்தவன். இடது கை மோதிர விரலில் பாதி அங்கேயே போய்விட்டது. அதைப் பற்றிக் கேட்டாலும் கோபம் வரும், கேட்காவிட்டாலும் வரும்.

எனக்கும் கோபம் குறைச்சல் இல்லை. கன்டெய்னர் வண்டிகள் கிழித்துப்போட்ட ரோட்டில் தினமும் விடிகாலை என் பழைய காரில் மூன்று பொம்பளைகளைக் காட்டுப்பள்ளி கேன்டீன் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். என் சம்சாரம் மலர்க்கொடி, அவளோடு செங்கொடியும் மெஹ்னாஸும். போன சனிக்கிழமை பின்பக்க இடது ஸ்பிரிங் ஒடிந்தது. ஷாக் அப்சர்பரில் எண்ணெய் ஒழுகியது. சக்கரத்துப் பேரிங் ஊளையிட்டது. ரோடு பாதி தின்றால் மீதியை உப்புக் காற்று தின்கிறது. பட்டறைக்காரன் புதன்கிழமை வா என்றான். திங்கள் காலை வண்டி போயாக வேண்டும். மூன்று பேரும் முழுசாகப் போய்ச் சேரவும் வேண்டும்.

தாமோதரனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விம்கோ நகரில் என் வீட்டு வாசலிலேயே வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினோம். ஸ்டாண்டு முட்டுக் கொடுக்காமல் தாமோதரன் அடியில் கை வைக்க மாட்டான், அதில் அவன் சுத்தம். பழைய நட்டு அசையவில்லை. நட்டு திருகும் ரிஞ்சில் நீளப் பைப்பைச் செருகி இரண்டு பேரும் தொங்கியபிறகுதான் ‘டக்’கென்று விட்டது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் மத்தியானத்துக்குள் ஏறிவிட்டன. பேரிங்கோடு ஒரே துண்டாக வரும், சக்கரம் உட்காரும் புது ஹப்பை மாட்டி, புது நட்டை இறுக்கினான். உடனே கால் சுற்று திருப்பித் தளர்த்தினான்.

ஏன் தளர்த்துகிறாய் என்று கேட்டேன். அவ்வளவுதான், எகிறிவிட்டான். ஷெட்டில் எவனோ நட்டை மூச்சுமுட்ட இறுக்கி அனுப்பிய டிரெய்லர் ஒன்று எண்ணூர் ரோட்டில் சக்கரம் சூடேறிப் பற்றிக்கொண்டது. அணைக்கப் போன டிரைவருக்கு இரண்டு கையும் வெந்தது. அன்றிலிருந்து இவன் கட்டும் எந்தச் சக்கரத்திலும் கால் சுற்று தளர்வு உண்டு. எனக்குத் தெரிந்த கதைதான். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினேன்.

தெருமுனை வரை மெதுவாக ஓட்டினேன். பின்னால் கடகடவென்றது. திரும்பி வந்து தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கையோடு ஆடியது. எனக்கு ரத்தம் கொதித்தது.

“மூணு பொம்பளைங்க உயிரு மாமு இது. உன் ஷெட்டு வீராப்ப இங்க காட்டாத.”

ரிஞ்சைத் தரையில் எறிந்தான். “அப்போ பட்டறைக்காரன்கிட்டயே போ நைனா. நீதானே என்ன கூப்ட்ட?”

சத்தம் கேட்டு மலர்க்கொடி வெளியே வந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“பழைய நட்ட கயட்டசொல்ல ரெண்டு பேரும் பைப்புல தொங்கினீங்களேண்ணா. அவ்ளோ டைட்டா இருந்தும் இத்தினி வருசம் எரியாமதானே ஓடிச்சி?”

தாமோதரன் சக்கரத்தை முறைத்தான். பிறகு என் போனைப் பிடுங்கி, பாகம் வாங்கிய ராயபுரம் கடை வெள்ளத்துரைக்கு அவனே போட்டான். இன்னொரு ஆளிடம் அவன் சந்தேகம் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். வெள்ளத்துரை சொன்னது இதுதான்: டிரெய்லரில் இரண்டு பேரிங், நட்டுதான் தளர்வு வைக்க வேண்டும். காரில் ஒரே பேரிங், தளர்வை உள்ளேயே அளந்து மூடியிருக்கிறார்கள், நட்டு முழுக்க இறுகித்தான் உட்கார வேண்டும். எவ்வளவு இறுகியது என்று அளவு காட்டும் ரிஞ்சு தருகிறேன், வந்து எடுத்துக்கொள் என்றார். போய் வாங்கி வந்தேன். அளவு வரும்வரை இறுக்கி, நட்டின் விளிம்பைத் தட்டிப் பூட்டினான். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. டீ குடிக்காமல் போய்விட்டான்.

திங்கள் காலை ஐந்தரைக்கு வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பின்கதவைத் திறந்து செங்கொடியை நகரச் சொல்லி, அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தான். எங்கே என்று மெஹ்னாஸ் கேட்டாள்.

“காட்டுப்பள்ளிக்கு. ஏன், நான் வரக்கூடாதா?”

வழி முழுக்க ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தான். பொம்பளைகள் இறங்கி கேன்டீன் கேட்டுக்குள் போனதும் தானும் இறங்கிக் குனிந்து, அரைவிரல் கையைச் சக்கரத்தின் நடுவில் வைத்துப் பார்த்தான். சூடில்லை. எழுந்து வந்து முன்சீட்டில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினான்.

“ரோடு போட்டவன ஒதைக்கணும்,” என்றான். “வண்டிய எடு.”