பந்தி இலையும் புள்ளிப் புத்தகமும்

என் மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். நான் அரசியலைச் சொல்லவில்லை, கண்ணைச் சொல்கிறேன். தக்காளி காயா பழமா என்று அமுக்கிப் பார்த்துத்தான் சொல்வார். அப்படிப்பட்டவர் தேனி அல்லிநகரத்தில் கல்யாண வீடியோ எடுத்து, கலர் திருத்தி, டிவிடி போட்டுக் கொடுக்கும் தொழில் செய்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். செய்தார், நன்றாகவே செய்தார். போதாததற்கு, வட்டார வீடியோக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தார்.

அவருடைய கண் என் அத்தை. முழுப் பரீட்சை லீவுக்கு அங்கே போகும்போதெல்லாம் பார்ப்பேன். மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கலரைக் கூட்டிக் குறைப்பார். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருப்பாள்.

“என்னங்க, பொண்ணு மொகம் பாசி புடிச்ச மாதிரி இருக்கு.”

மாமா எதையோ திருகுவார். “இப்ப?”

“மொகம் சரியாயிருச்சு. சேலை தக்காளியாப் போச்சு. நேர்ல அரக்குல்ல?”

மாமா மறுபடி திருகுவார். மனிதரை நிம்மதியாக வேலை பார்க்க விடாமல் இந்த அத்தை ஏன் இப்படித் தொணதொணக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும். விஷயம் இதுதான் என்று எனக்கு விளங்கியது நான் வளர்ந்த பிறகு. வெளியில் ஓர் ஆளுக்கும் தெரியாது என்றுதான் இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் அத்தை தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று குச்சனூர் போனவள் உடனே திரும்ப முடியவில்லை. கெங்குவார்பட்டிக் கல்யாண வீடியோ ஒன்று பாதியில் நின்றது. மாப்பிள்ளை வெளிநாடு கிளம்புகிறார், சீக்கிரம் வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். மாமா துணிந்து தனியாகவே திருத்திக் கொடுத்துவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் எப்படியோ தப்பித்துக்கொண்டார்கள். மாட்டியது பந்தி. வாழை இலை அத்தனையும் காய்ந்த சருகு நிறத்தில் வரிசையாகக் கிடக்க, சனங்கள் அதில் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணின் அப்பா டிவிடியும் கையுமாக வந்து நின்றார். கோபித்திருந்தால்கூடத் தேவலை. அழுதுவிடுவார் போல இருந்தார்.

“நம்ம தோட்டத்து எலை தம்பி. அன்னைக்கு விடியக்காலம் அறுத்தது. சம்பந்தி வீட்டாக இதப் பாத்தா, வாடுன எலையிலயா எங்களுக்குச் சோறு போட்டீகன்னு கேக்க மாட்டாகளா?”

“மானிட்டர் பொய் சொல்லிருச்சுண்ணே” என்றார் மாமா. எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது.

அத்தை திரும்பி வந்து இலைகளுக்கு உயிர் கொடுத்தாள். ஆனால் அதற்குள் பெண்ணின் அப்பா போடிக்காரரிடமும் போய்ப் புலம்பியிருந்தார். போடிக்காரர் என்பவர் போடியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், செயலாளர் தேர்தலில் மாமாவிடம் தோற்றவர். அதிலிருந்து மாமாவை எதிரில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவார். அவர் சங்கத்தில் விஷயத்தைக் கிளப்பினார். ஒரே பெண் ஒருவர் மானிட்டரில் வெளுப்பாகவும் இன்னொருவர் மானிட்டரில் மாநிறமாகவும் இருக்கிறாள், இதற்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்றார். கலரை அளக்கும் கருவி விற்கும் கம்பெனிக்காரர் ஒருவரைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்ததும் அவர்தான். அத்தைக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சங்கக் கூட்டம். போண்டா உண்டு என்று கேள்விப்பட்டு நானும் மாமாவோடு தொற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டர் மவுஸ் போலிருந்த ஒன்றைக் கம்பெனிக்காரர் மானிட்டரின் நெற்றியில் தொங்கவிட்டார். திரையில் கலர் மாற மாற, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று அது கணக்குச் சொன்னது. தத்தம் மானிட்டரே உத்தமம் என்று அதுவரை சண்டை போட்டவர்கள் அதைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மாமாவின் முகத்தில்தான் எத்தனை சந்தோஷம்! இனி அத்தை ஊருக்குப் போனாலும் பயமில்லை என்று நினைத்திருப்பார்.

கம்பெனிக்காரர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“மானிட்டரை அளந்தாச்சு. அதைப் பார்க்கிற கண்ணையும் ஒருதடவை பார்த்துடலாமே” என்று பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் வட்டம், வட்டம் நிறையக் கலர்ப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண். “செயலாளர் சார், நீங்களே தொடங்கி வைங்க.”

மாமா வாங்கிப் பார்த்தார். அருகில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த எனக்கு, பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்பில் ஐம்பத்தேழு பளிச்சென்று தெரிந்தது. மாமாவின் நெற்றியில் வியர்த்துவிட்டிருந்தது. கலர் தெரியாத வீடியோக்காரன் என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டால் அப்புறம் எந்தக் கல்யாண வீடு கூப்பிடும்? இதெல்லாம் எனக்கு இப்போது தோன்றுவது. அன்று என்னவோ, இந்தச் சின்ன எண்ணைச் சொல்ல இவ்வளவு நேரமா என்றுதான் இருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியல. வெறும் புள்ளியாத்தான் இருக்கு” என்றார் மாமா.

போடிக்காரர் எழுந்து வந்தார். புத்தகத்தை மாமாவின் கையிலிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“எனக்கும் புள்ளிதாம்ப்பா தெரியுது. இதுல வேற என்ன இருக்கு?” என்று பக்கத்தில் இருந்த சின்னமனூர்க்காரரிடம் நீட்டினார்.

அவர் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். “அம்மைத் தழும்பு மாதிரில்ல இருக்கு” என்று அடுத்தவரிடம் கொடுத்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. புத்தகம் கை மாறிக் கை மாறிக் கூடம் முழுவதும் சுற்றி வந்தது. ஒருவர் கண்ணைக் கசக்கினார், ஒருவர் வெளிச்சம் பத்தவில்லை என்றார். யாருக்குமே எண் தெரியவில்லை. கம்பெனிக்காரர் பாவம், புத்தகத்தைத் தானே வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்று, “அம்பத்தேழு! அம்பத்தேழுன்னு போட்டிருக்கு!” என்று கத்தினேன்.

போடிக்காரர் சட்டென்று ஒரு போண்டாவை எடுத்து என் வாயில் வைத்தார். “பிள்ளைக்குப் பசி போல. தலைவரே, சாப்பாட்டப் போட்ருவமா?”

கூடமே சிரித்தது. கருவியை வாங்குவது, அதைச் செயலாளர் பொறுப்பில் வைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். முன்மொழிந்தவர் போடிக்காரர். அன்று சாப்பாட்டில் மாமா அவருக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தார்.

வீட்டு வாசலிலேயே அத்தை நின்றுகொண்டிருந்தாள். வண்டி நிற்குமுன் குதித்து ஓடினேன்.

“அத்தை, சங்கத்துல ஒருத்தருக்கும் கண்ணு தெரியல! புள்ளிக்குள்ள நம்பர் எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு.”

“ஒருத்தருக்குமா?”

“ஆமா. மாமாவுக்கும் தெரியல.”

“போடிக்காரருக்கு?”

“அவருக்குந்தான். கண்ணாடி போட்டுப் பாத்தும் தெரியல.”

அத்தை அப்படியே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாமா வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

“ஏத்தா, இன்னொருதரம் சொல்லு” என்று அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள்.

சொன்னேன். அத்தனை பேருக்கும் பார்வை கெட்டுக் கிடக்கிறதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டாமா என்று எனக்கு ஒரே கவலை. அதில் அத்தைக்கு மட்டும் என்ன அப்படியொரு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை.