நான் தேய்த்துப் போக்கிய மைக்கறை

எழுபதுகளின் நடுவில் நடந்தது. என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. அங்கே வீடு கிடைக்காததால் திருக்கழுக்குன்றத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். அப்போது எனக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டியவள்தான். ஆனால் அம்மா வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டதால் பிரசவம் இங்கேயே என்று ஆகிவிட்டது.

படுத்த படுக்கையிலும் அம்மா கடிதம் போட்டுக்கொண்டே இருந்தாள். 'பிறந்த குழந்தைக்குப் புதுச் சட்டை ஆகாது. நாலு பிள்ளை பெற்ற வீட்டில் பழைய சட்டை கேட்டு வாங்கி வை' என்று ஒரு கடிதம். தெரியாத ஊரில் யார் வீட்டு வாசலில் போய்ப் பழந்துணி கேட்பது? எனக்கு வாய்தான் நீளமே தவிர, கெஞ்ச வராது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டில் ஒரு பாயின் பழைய சாமான் கடையில் டிரங்குப் பெட்டி வாங்கினோம். "உள்ள ஏதோ பழந்துணி கீதும்மா. தொடைக்கிறதுக்கு வச்சுக்கோ" என்றார் பாய். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டால் என் கணவரின் பெயரையும் எங்கள் ஊர், தெருப் பெயரையும் அவரே எழுதியும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அடியில் மஞ்சள் துணியில் ஒரு சின்ன மூட்டை. அதற்குள் நான்கு குழந்தைச் சட்டைகள், ஒரு கம்பளிக் குல்லா, ஒரு ஜோடி கருகமணி வளையல். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காமலே வீடு தேடி வந்துவிட்டதே! யாருடையது என்ற யோசனைகூட வரவில்லை.

ஒரு சட்டையின் தோளில் மட்டும் கன்னத்து மை அப்பி, கருப்பாகக் கறை இருந்தது. விடுவேனா? சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, பார் சோப்பைத் தேய்த்து, துவைக்கிற கல்லில் கசக்கி எடுத்தேன். வெள்ளை வெளேரென்று ஆனது. குல்லாவை மட்டும், சுருங்கிவிடுமே என்று தண்ணீரில் நனைக்காமல் வைத்தேன்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். மலைமேல் கழுகுக்குச் சோறு வைக்கிற உச்சிவேளை. வாசலில் அதே பாய் நின்றார். கூட ஒரு பெண். கடப்பாக்கத்துக்காரி, புருஷன் படகில் போகிறவர் என்று பாய் சொன்னார்.

"தங்கச்சி, அந்தப் பொட்டில ஒரு மஞ்சத்துணி மூட்டை இருந்துச்சா? இவங்க வூட்டுக்காரரு சொல்லாம கொள்ளாம பொட்டிய வித்துட்டாரு. தெனம் அத தொறந்து வச்சுகினு அழுவுறாங்களேன்னு அவருக்கு ஒரே பேஜாரு. நான் எழுதுன பேரு ஞாபகம் இருந்துச்சு. அதான் கூட்டியாந்தேன்" என்றார். கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி வந்திருக்கிறார் மனிதர்.

நான் மடித்து வைத்திருந்த சட்டைகளைக் கொண்டுவந்து நீட்டினேன். அவள் ஒன்றை மட்டும் எடுத்தாள். தோளைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் வெளிப்பக்கமாக்கிப் பார்த்தாள்.

"இங்க மை இருந்துச்சே?"

"நல்லாத் தேய்ச்சு எடுத்துட்டேன் அக்கா" என்றேன். பெருமையாகச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கடைசியா என் தோள்ல தூங்குனப்ப கன்னத்துலேர்ந்து ஒட்டுன மைம்மா அது" என்றாள். பிள்ளை தவறி ஒரு வருஷம் ஆகிறது என்று பாய்தான் மெல்லச் சொன்னார்.

என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? திடீரென்று குல்லா ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். முகவாயில் கட்டுகிற நாடாவில், விரல்நுனி அளவுக்கு மை ஒட்டியிருந்தது. அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நானும் அழுதேன்.

நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ என் வயிற்றைப் பார்த்தாள். "உம் புள்ளைக்குப் போடவா தொவச்ச?" என்றாள். தலையாட்டினேன். "வேணாம்மா. தங்காத புள்ளையோட துணி உனக்கு வேணாம்" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒன்பதாம் மாதம், இரண்டு பஸ் மாறி, தனியாக வந்து நின்றாள். கையில் இன்னொரு மூட்டை.

"எங்க அக்காளுக்கு நாலு புள்ள. நாலும் கல்லாட்டம் கீதுங்க. அதுங்க போட்ட சட்டை இது" என்று என் மடியில் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "இத நீ எவ்ளோ வேணா தேச்சித் தொவச்சிக்கோ!"

அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவளுக்கும் பாய்க்கும் நான் பட்ட கடன் தீராதது. எவளுடைய பிள்ளையின் கடைசி அடையாளத்தை என் கையாலேயே அழித்தேனோ, அவள் தேடிக் கொண்டுவந்து கொடுத்த சட்டையைத்தான் என் மகள் இந்த உலகத்தில் முதன்முதலாக உடுத்தினாள்.