எந்த சிம் நல்லா எடுக்கும்?

சிம் கார்டு விற்கிற கடைக்கு வந்து யாரும் சிம் கார்டு கொடு என்று கேட்பதில்லை, "எங்க ஏரியாவுல எது நல்லா எடுக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். ஆனையூரில் கடை போட்ட நாளிலிருந்து இதற்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மொட்டை மாடியின் மூலையில் நின்று "ஹலோ, கேக்குதா?" என்று கத்தியிருக்கும் நீங்களும் நம் கூட்டம்தான் என்பதால் மனம் விட்டுச் சொல்கிறேன். கம்பெனிகளின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். கடைக்குப் போர்டு மாட்டித் தந்ததே அவர்கள்தான்.

என் வழி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கம்பெனி சிம்மையும் ஒரு பழைய போனில் போட்டு, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் அந்தப் பையோடு அவர்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். விளம்பரத்தில் காட்டுகிற வேகம் விளம்பரத்துக்குள்ளேயே தங்கிவிடும், வீட்டுக்குள் வராது.

காம்பவுண்டுச் சுவர்

பசுமலையில் புதுவீடு கட்டிக் குடிபோன கல்லூரி ஆசிரியர் ஒருவர், வீட்டிலிருந்தபடி வகுப்பு எடுத்தால் படம் பாதியில் நின்றுவிடுகிறது என்று என்னை வரச் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஹாலில் ஒரு போனும் அசையவில்லை. படுக்கையறையில் ஒன்று மட்டும் உயிர் இருக்கிறதா இல்லையா என்று முனகியது. கொல்லைப்பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றதும் பையிலிருந்த அத்தனை போனும் பளிச்சென்று விழித்துக்கொண்டன.

நான் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தால் மனிதர் முகம் சிவந்து நிற்கிறார். இன்னொரு தடவை பாருங்கள் என்றார். பார்த்தேன். வேறு சிம் போட்டுப் பாருங்கள் என்றார். அதையும் போட்டேன். எதைப் போட்டாலும் அந்தச் சுவர்தான். கடைசியில் பக்கத்து வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தச் செவுத்துக்காகத்தான் அவன் மேல கேஸே போட்டுருக்கேன். இங்க நின்னு நான் பாடம் நடத்துனா அவனுந்தாம்மா உக்காந்து கேப்பான்."

முத்துவின் புது நம்பர்

முத்து எங்கள் ஆனையூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போவார். இடையில் எங்கேயாவது லைன் கிடைக்கவில்லை என்றால் பிள்ளைகளின் அம்மாமார் பதறிப்போய் வரிசையாகக் கூப்பிடுவார்கள், மறுநாள் வைவார்கள். சவாரிக்கென்று தனியாக ஒரு நம்பர் வேண்டும், போகிற வழி முழுக்க அறுந்துபோகாமல் இருக்க வேண்டும் என்று வந்தார்.

பையைக் கொடுத்தனுப்பினேன். அதை ஆட்டோ ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு ஒருநாள் பூராவும் ஓட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு ஒத்துவந்த கம்பெனியைத் தானே சொன்னார். புது நம்பர் போட்டுக் கொடுத்து, என் போனிலும் 'முத்து ஆட்டோ' என்று பதிந்துகொண்டேன். கிளம்பும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் பிறகு பலநாள் அந்தப் பேச்சு என்னை உறுத்தியது. "இதால எனக்கு ஏதும் பிரச்சனை வந்துச்சு, ஒங்க கடை வாசல்லயே வண்டியப் போட்டுட்டு உக்காந்துருவேன்க்கா."

வசந்தா

மாசி மாதம் ஒருநாள் கடையைத் திறந்துகொண்டிருக்கிறேன், முத்துவின் மனைவி பாண்டிச்செல்வி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. மேஜைமேல் முத்துவின் போனை வைத்தாள். தினமும் விடியற்காலையில் அதில் ஒரு அழைப்பு வருகிறதாம். ரெண்டு ரிங் போனதும் முத்து அவசரமாகக் கட் பண்ணிவிடுகிறாராம். கேட்டால், குழந்தை முழித்துக்கொள்ளும் என்பதற்காகக் கட் பண்ணினேன் என்கிறாராம். கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டுகிற ஆப் ஒன்று அந்தப் போனில் இருந்தது. அது காட்டிய பெயர் வசந்தா.

பிளாக் பண்ணச் சொன்னாளாம். பள்ளிக்கூடப் பிள்ளை யாருடைய அம்மாவாவது இருந்தால் சவாரி போய்விடும் என்று மாட்டேன் என்றாராம். முத்துவின் போனிலிருந்தே இவள் திருப்பிக் கூப்பிட்டால் எதிர்முனையில் கட் பண்ணுகிறார்கள். தன் போனிலிருந்து கூப்பிட்டால் ஒரு ஆண்குரல். வசந்தா இருக்காங்களா என்று கேட்டதற்கு, என் சம்சாரத்தை நீ யாரு கேக்குறது என்று சத்தம் போட்டதாம். ஆக வசந்தா இன்னொருவர் மனைவி என்பதும் தெரிந்துபோயிற்று.

அந்த நம்பர் யாருடையது, எந்த ஊர் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல் என்றாள். எனக்கு அப்படிப் பார்க்க வழியும் இல்லை, உரிமையும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவள் நம்பவில்லை. சிம் கடைக்காரிக்கு ஊரில் உள்ள எல்லோருடைய பேச்சும் கேட்கும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அம்மா வீட்டுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை ரெண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து உறவை அத்துவிட்டுவிடட்டும் என்றாள். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். "சிம்மு நீங்க குடுத்தது. அந்தப் பொம்பளையக் குடுத்தது யாருக்கா?"

சீக்கிரம் தீர்கிற பிளான்

அந்த வாரம் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. முத்து சொன்னபடியே ஆட்டோவை என் கடை வாசலில் போட்டுவிட்டு, சவாரிக்கும் போகாமல், தாடியோடு உட்கார்ந்திருந்தார். திட்டவுமில்லை, சாப்பிடவுமில்லை. வருகிறவர்கள் எல்லாம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் தெற்கு வாசலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய், ஆனையூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தவர், கடைக்குள் நுழைந்தார். பிளான் அட்டையை வாங்கி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் படித்தார். எல்லோரும் அதிக டேட்டா எது என்று பார்ப்பார்கள். இவர் விரல் குறைந்த டேட்டாவைத் தேடிப் போனது. பையன்களுக்குப் பரீட்சை, ராத்திரி பகலாய்ப் போனும் கையுமாய் இருக்கிறான்கள், பிடுங்கினால் வீட்டில் சண்டை என்றார். கடைசியில் அட்டையை என் பக்கம் நகர்த்தினார். "மத்தியானம் லுஹர் தொழுகைக்குள்ள தீந்துபோற மாதிரி ஒரு பிளான் இருந்தாச் சொல்லும்மா. தீந்தது கம்பெனினாலன்னு ஆகட்டும், வாப்பானாலன்னு ஆக வேணாம்."

மோட்டார் இழுக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை. மத்தியானம் பாண்டிச்செல்வி ஊரில் பெரியவர்கள் கூடுகிறார்கள். முத்து ஆட்டோவில் சாய்ந்து கிடக்கிறார். அப்போது தவமணி அண்ணன் வந்தார். ஆனையூரில் குடியிருக்கிறார், அலுவலக வேலை. சோழவந்தான் பக்கம் வாழைத்தோட்டம். அங்கே மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார். அதற்குள் ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்து அந்த நம்பருக்கு ரிங் விட்டால் ஸ்டார்ட்டர் அழைப்பைக் கட் பண்ணிவிட்டு மோட்டாரை ஓட்டிவிடும். கட் ஆனால் ஓடுகிறது என்று அர்த்தம். சில நேரம் ஸ்டார்ட்டரே திருப்பி ரிங் விடும், இவர் எடுக்காமல் கட் பண்ணிவிடுவார்.

மோட்டார் சிம்மைப் போர்ட் பண்ண வேண்டும், அதே நம்பரில் வேகமான நெட்வொர்க்காகப் பார்த்து மாற்றிக் கொடு என்றார். கால்வாயில் தண்ணீர் வந்தது, அப்புறம் மழை, முக்கால் வருஷமாய் மோட்டாருக்கு வேலையே இல்லை. இப்போது தினமும் விடியற்காலையில் ரிங் விடுகிறார், ஒழுங்காகக் கட் ஆகிறது, ஆனால் போன ஞாயிறு போய்ப் பார்த்தால் வாழைக்குருத்து வாடி நிற்கிறது. சிக்னல் பலமில்லாததால் மோட்டார் தண்ணீரை இழுக்கவில்லை என்று அவரே முடிவுகட்டியிருந்தார். சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணினீர்களா என்றேன். வாய் திறந்து பேசாத சிம்முக்கு எதற்கு பிளான் என்றார்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க அந்த நம்பரை என் போனில் அழுத்தினேன். திரையில் 'முத்து ஆட்டோ' என்று வந்தது. வாசலில் முத்துவின் போன் அடித்தது.

ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கிற நம்பரைக் கம்பெனி நிறுத்திவிடும், கொஞ்ச காலம் கழித்து புதிதாக வருகிறவருக்குக் கொடுத்துவிடும். நான்தான் அதை முத்துவுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அண்ணே, உங்கள் போனில் இருக்கிற சிம் யார் பெயரில் வாங்கியது என்று கேட்டேன். மனிதர் யோசிக்கவே இல்லை. "வீட்டுக்காரி பேர்லதான், வசந்தா. எவளோ போனைப் போட்டு அவளைக் கேக்குறாம்மா, அதையும் என்னன்னு பாரு."

தண்ணீர் டேங்க்

விஷயம் புரிந்ததும் தவமணி அண்ணன் தோட்டத்துக்கு ஓடத்தான் துடித்தார். பாண்டிச்செல்வி ஊரும் அந்த வழிதான், ஒரு எட்டு வந்து சொல்லிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சி ஆட்டோவில் ஏற்றினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். வழியெல்லாம் பாண்டிச்செல்விக்குப் போன் போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேச்சு முடிகிற கட்டத்தில் இருந்தது. நான் விவரம் சொன்னேன். மோட்டார் என்றதும் ரெண்டு பேர் சிரித்தார்கள். பாண்டிச்செல்வியின் தாய்மாமன், ஆள் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றார். சரி, எல்லோர் முன்னாலும் ரிங் விட்டுக் காட்டுகிறேன் என்று தவமணி அண்ணன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் அந்தப் பாழாய்ப்போன குரல் வந்தது: தொடர்பு எல்லைக்கு வெளியே. முத்துவின் சிம்முக்கு அந்த ஊரில் சிக்னலே இல்லை. முத்து தலையைக் குனிந்துகொண்டார். தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பொறுங்கள் என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பையிலிருந்து முத்துவின் கம்பெனி சிம் உள்ள போனை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். கூட்டம் என் பின்னால் வந்தது. கோவில் முன்னால் சிக்னல் இல்லை. பஸ் ஸ்டாப்பில் இல்லை. ஊர்க்கோடியில் இருந்த தண்ணீர் டேங்கின் படியில் ஏறினேன். பாதிப்படியில் ஒரு புள்ளி வந்தது, மேல் தட்டில் ரெண்டு. முத்து ஏற வந்தார். பாண்டிச்செல்வி அவரை விடவில்லை. அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு தானே ஏறி வந்தாள்.

கீழே நின்று தவமணி அண்ணன் தன் போனை எல்லோருக்கும் காட்டினார். அதில் 'மோட்டார்' என்றிருந்தது. அழுத்தினார். மேலே சத்தமில்லை. பிறகு ரிங் வந்தது. வசந்தா என்ற பெயரை அவள் பார்த்தாள். கட் பண்ணாமல் காதில் வைத்து யாரு என்றாள். "மோட்டாருக்கு அடிச்சேம்மா" என்று கீழேயிருந்து தவமணி அண்ணன் சொன்னது போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

இறங்கி வந்தவள் முத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தவமணி அண்ணனிடம் போனாள். அப்போ இத்தனை நாளாய் வாழைக்கு யார் தண்ணீர் விட்டது என்று கேட்டாள். யாரும் விடலம்மா என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் போய்க் குழந்தையையும் துணிமணியையும் எடுத்து வந்து ஆட்டோவில் உட்கார்ந்தாள். "வண்டிய எடுங்க. மொதல்ல அந்த அண்ணன் மோட்டாரப் போட்டுவிடுவோம். ஒங்க வழக்க வீட்டுல வச்சுப் பேசிக்கிறேன்" என்றாள். முத்துவுக்குச் சாவியைத் துவாரத்தில் வைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

நான் ஏறப்போகும்போது தாய்மாமன் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி குனிந்தார். "ஏம்மா, எங்க ஊருக்கு எந்த சிம்மு நல்லா எடுக்கும்?"

ஒரு சிம் எங்கே எடுக்கும், எங்கே எடுக்காது என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்து சொல்லிவிடுகிற எனக்கு, அது யார் வீட்டில் போய் அடிக்கும் என்று மட்டும் இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.