எமனில் முடிந்த கைமரம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு சின்ன ஓட்டு வீடு விலைக்கு வருகிறது என்று என் மனைவி சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தல்லாகுளத்தில் எங்கள் வீடு மாடியில், பத்தொன்பது படி ஏற வேண்டும். அவளுக்கு இழுப்பு. பஸ் புகையெல்லாம் அவள் நெஞ்சில்தான் வந்து உட்காரும். "கடக்காத்துல இருந்தா கொஞ்சம் மூச்சு விடுவேன்" என்றாள். எனக்குக் கடல் என்றாலே பயம்.

போய்ப் பார்த்தோம். இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஒரு பின்கதவு. கதவைத் திறந்தால் கடல். சாத்தச் சொன்னேன். சாத்திய பிறகு சத்தம் கூடிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூட்டை மூட்டையாக இறக்கிப் போடுவது போல இருந்தது.

வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "தண்ணி உள்ள வருமா தம்பி?" என்று கேட்டேன்.

"வந்தா உங்களக் கேட்டுட்டுத்தான்யா வரும்."

"இங்க யாரும் செத்திருக்காங்களா?"

"எங்க அப்பா, ஆத்தா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலதான்யா."

"ஆஸ்பத்திரி எம்புட்டு தூரம்?"

அவர் சிரிப்பு நின்றது. "அது இருக்குய்யா, முப்பத்திரண்டு கிலோமீட்டர்."

பயம் வந்தால் நான் எதையாவது எண்ணுவேன். அண்ணாந்து பார்த்தேன். ஓட்டைத் தாங்கும் கைமரங்களை எங்கள் பக்கம் இந்திரன், எமன், ராஜா என்று வரிசையாகச் சொல்லி எண்ணுவார்கள். கடைசி மரம் எமனில் முடிந்தால் அந்த வீடு ஆகாது. எண்ணினேன். இருபத்தாறு. எமன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு தடவை எண்ணினேன். எங்கிருந்து எண்ணினாலும் இருபத்தாறு இருபத்தாறுதான் என்பது, கணக்குப் படித்த எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மனைவியின் காதில் மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும். உள்ள நுழைஞ்சதுமே எண்ணிட்டேன்."

"தெரிஞ்சுமா வாங்கணுங்கிற?"

"நம்ம வீடு காங்கிரீட்டு. எண்ணுறதுக்கு ஒரு மரமும் கிடையாது. போன மாசம் அங்க எமன் வந்து எட்டிப் பாக்கலையா?"

போன மாதம் அவள் உதடு நீலமாகிப்போனது. நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் படியில் இறக்கினார்கள். நான் பின்னால் படிகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தூங்கினாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டான மாட்டுத்தாவணிக்குள் பஸ் நுழையும்போது இருமிக்கொண்டு விழித்து, பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள். காலையிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது.

இறங்கிய இடத்திலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "தம்பி, ஒரு கைமரம் சேத்து அடிச்சுத் தர முடியுமா?"

"கூரை நல்லாத்தானேய்யா இருக்கு?"

"ராஜாவுல முடியணும்."

"அம்புட்டுத்தானா! நாளைக்கே செருகிருவோம்யா."

"ஒண்ணே ஒண்ணு. கூடக் குறைய வேண்டாம்."

பக்கத்தில் அவள் இரண்டாவது தடவை மருந்தை உறிஞ்சினாள். அந்த முப்பத்திரண்டு கிலோமீட்டரைப் பற்றி அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.