பேர் வெட்டிய பாத்திரங்கள்

என் புகுந்த வீட்டு ஹாலுக்கு முதல்முறை வருகிறவர்கள் சுவர் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இது ஹாலா, அடுப்படியா?" என்று சிரிப்பார்கள். மிளகாய் வத்தல் பாட்டிலும் பித்தளைச் செம்பும் அங்கே நின்றால் வேறென்ன கேட்பார்கள்! எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். உடனே என் அண்ணன் மனைவி, என் மதினி, நினைவுக்கு வந்துவிடுவார்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து பாளையம்பட்டிக்கு வாழ வந்தவர் அவர். அண்ணன் லோடு வண்டி ஓட்டிக் கட்டிய புது வீடுதான் என் பிறந்த வீடு. கொத்தனார் ஹாலில் பெரிய ஷோகேஸ் வைத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டார். அதில் வைக்கத்தான் எங்களிடம் ஒன்றுமில்லை. காட்டு வேலைக்குப் போய் எங்களை வளர்த்த அம்மாவுக்கு அந்தக் காலித் தட்டுகளைப் பார்த்தாலே மானம் போகும். அந்த நேரம் பார்த்துத் திருச்சுழிப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். முன்பு வந்த இரண்டு வீட்டாரும் பதிலே சொல்லவில்லை. வீட்டின் வெறுமையைப் பார்த்துத்தான் ஒதுங்கினார்கள் என்பது அம்மாவின் தீர்மானம். இந்த மாப்பிள்ளையோ, பஸ்ஸில் அடிக்கடி பார்த்து எனக்குப் பிடித்துப்போன முகம். இதுவும் தட்டிப் போய்விடுமோ என்று பயந்தேன்.

அன்று காலை அம்மா தெருவெல்லாம் இரவல் வாங்கிச் சாக்கில் கொண்டுவந்து ஷோகேஸை நிரப்பினாள். பளபளவென்று எவர்சில்வர் அடுக்கு, குடம், தாம்பாளம். மதினி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சீர்ப் பாத்திரம் என்றால் எங்கள் பக்கம் பேர் வெட்டாமல் இருக்காது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டுப் பேர்.

"அத்தே, நம்ம ஷோகேஸுல தெருவே வரிசையா நிக்குது!"

"போத்தா, அவுக என்ன வாசிக்கவா வாராக?"

"பின்னே? அதுக்குத்தான வாராக."

சொன்ன கையோடு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். "எம்மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். எனக்கும் மதினிமேல் ஆத்திரம் பொங்கியது. அவர் காதில் வாங்கவே இல்லை. மிளகாய் வத்தல், துவரை, மோர் மிளகாய் என்று அடுப்படிக் கண்ணாடிப் பாட்டில்களைத் துடைத்துத் தட்டில் வைத்தார். செம்புகளைப் புளி போட்டு விளக்கி வைத்தார். விதைக்குக் கட்டிவைத்திருந்த கம்பங்கதிரை மேலே தொங்கவிட்டார். அம்மாவின் களைக்கொத்திக்கு எண்ணெய் தடவி நடுத்தட்டில் சாய்த்தார். அம்மாவின் பழைய கைத்தறிச் சேலை ஜன்னல் திரையானது. "தினம் கைபடுற சாமானுக. தூசி தட்டுற வேலை மிச்சம்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் அவர்கள் கை நனைக்க மாட்டார்கள். காப்பியை, "இருக்கட்டும்" என்று ஒதுக்கிவிட்டு ஷோகேஸ் முன்னால் போய் நின்றார். களைக்கொத்தியைத் தொட்டுப் பார்த்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். அப்புறம் அவர் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து மோந்தார்.

"ஏ தாயி, இது யாரு போட்ட மோர் மிளகா?"

"எங்க அத்தை போட்டதுங்கம்மா" என்றார் மதினி.

"நாலு வறுத்து எடு. கம்மங்கூழு கெடந்தா கொண்டா. வெயில்ல வந்தது நாக்கு வறளுது." தட்டிலிருந்த செம்பை அவரே எடுத்து நீட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

கை நனைக்கிறார்! அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாடா என்று எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "நின்னு முழிக்காம கூழக் கரைங்க" என்று மதினி என்னை உள்ளே தள்ளினார். அவசரத்தில் உப்புப் போட மறந்தேபோனேன். என் மாமியார் மிளகாயைக் கடித்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்று செம்பை என்னிடம் நீட்டினார்.