மேவிஸின் வகுப்பில் டெஸ்மண்டுக்கு இடமில்லை

மேவிஸுக்கு மருமகன் டெஸ்மண்டின் முகம் தெரியாது. ஒரே ஊர்தான், மகள் லெனோரா அவனோடு குடும்பம் நடத்தத் தொடங்கி நாலு வருஷம். ஆனாலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில், அவர்களுடைய ஆதிகுடிச் சனத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, ஒரே அறையில் இருப்பதில்லை. பகை இல்லை, மரியாதை. கடைக்குள் டெஸ்மண்ட் இருந்தால் மேவிஸ் வெளியே வெயிலில் நிற்பாள். அவள் குரல் கேட்டால் அவன் தெருமுனையோடு திரும்பிவிடுவான்.

இரும்புச் சுரங்கத்தில் சேரும் தன் சனத்துக்கான பயிற்சியை மாற்றி அமைக்கும் வேலை மேவிஸிடம் வந்தது. முன்பெல்லாம் ஏசி அறை, திரையில் ஓடும் ஆங்கிலம், கடைசியில் பரீட்சை. தேறியவர்கள் அபூர்வம். மேவிஸ் அதையெல்லாம் தூக்கிப் போட்டாள். லாரிக்குப் பக்கத்திலேயே வட்டமாக உட்கார்ந்து, மண்ணில் கோடு கிழித்து, சொந்த மொழியில் பாடம். யாரையும் தனியாக எழுப்பிக் கேள்வி கேட்டுக் கூச வைப்பதில்லை. சாவு விழுந்தால் போய் இருந்துவிட்டு வரலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சொல்லித்தர ஒரே ஆள், மேவிஸ்.

முதல் வகுப்பு முழுக்கத் தேறியது. ஊரே அவளைக் கொண்டாடியது.

இரண்டாவது வகுப்பில் டெஸ்மண்டைச் சேர்த்தார்கள். லாரிக்கு அந்தப் பக்கம்வரை வந்தான், அவள் குரல் கேட்டது, திரும்பிப் போனான். மறுநாளும் அப்படியே.

சாயங்காலம் லெனோரா வந்தாள், ஆறு மாச வயிற்றோடு.

"ஊருக்கெல்லாம் யோசிச்சியேம்மா. என் புருஷன் மட்டும் உனக்கு ஞாபகம் வரலையா?"

பார்க்காமலே இருந்து இருந்து, மேவிஸ் அவனை நினைக்காமலும் இருந்துவிட்டாள்.

"இந்த வேலை கெடைக்கலேன்னா பெர்த்துக்குப் போயிடுவோம். அவரு அண்ணன் அங்க கூப்பிடுறாரு."

மேவிஸ் சுரங்க மேலாளர் கிரெய்க்கிடம் ஓடினாள். "அவனுக்குச் சொல்லித்தர வேற ஆள் போடு, கிரெய்க். எங்க ஆளு ஒருத்தன் போதும்."

"மாமியாரைக் கண்டு ஓடுறதுன்னா, நான்தான் மொதல்ல ஓடணும்!" என்று சிரித்தான் அவன். அவள் சிரிக்காததைப் பார்த்து அடங்கினான். "அடுத்த வருஷம் பார்க்கலாம். இப்போதைக்குப் பழைய பயிற்சியில உட்காரட்டும்."

டெஸ்மண்ட் ஏசி அறையில் தனியாளாக உட்கார்ந்தான். தேறவில்லை.

பெர்த்துக்குப் புறப்படும் நாளில் மேவிஸ் வருவது தெரிந்ததும் அவன் காரை விட்டிறங்கி, தூரப் போய், குன்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அவள் மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு, அந்த முதுகுக்கும் எட்டும்படி மகளிடம் சொன்னாள்:

"உன் புருஷன்கிட்ட சொல்லுடி. தப்பு என்னோடது. அவன் மேல ஒரு குறையும் இல்ல."

"கேட்டிருக்கும்மா," என்றாள் லெனோரா மெதுவாக. "தலையைக் குனிஞ்சிட்டாரு."

அவன் காருக்குத் திரும்பி வர வேண்டும். மேவிஸ் வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். காலடிச் சத்தம் கேட்டது, கதவு மூடிக்கொண்டது, வண்டி கிளம்பியது.

லெனோரா கையசைத்தாளா என்று அவளுக்குத் தெரியாது.