நாகலிங்க மரத்தைச் சுற்றி மூன்று முறை

சிதம்பரத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தப் பெரிய பூங்காவைச் சைக்கிளில் அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார் செல்வி அக்கா. கடலூரிலிருந்து காலை ரயிலில் வந்த நான் ஒருத்திதான் இன்று பார்வையாளர்; வாடகைச் சைக்கிளில் அவர் பின்னால் போகிறேன். ஆபீஸில் அவருக்குக் கொடுத்திருக்கும் குறுக்கே பார் வைத்த சைக்கிள் அவர் உயரத்துக்குப் பெரியது.

நிற்கும் இடங்களை நோட்டில் குறிக்கிறேன்: மதகுக் கட்டை, சிமென்ட் பெஞ்ச், தண்ணீர்த் தொட்டியின் படி. நான்காவது இடத்தில்தான் புரிகிறது. காலை ஊன்ற ஒரு மேடு இருந்தால் மட்டுமே அவர் நிற்கிறார்.

நான் பார்க்க வந்த நாகலிங்க மரத்தடி வெறும் சமதரை. செல்வி அக்கா இறங்கவில்லை. மரத்தைச் சுற்றி மெதுவாக மிதித்தபடியே, "பூவு அடிமரத்துலியே பூக்கும் மேடம். உள்ள லிங்கம் மாரி இருக்கும், மேல பாம்பு படம் எடுத்தாப்ல" என்கிறார். மூன்றாவது சுற்று வருகிறது.

"எறங்குங்கக்கா."

"எறங்கினா ஏற முடியாது மேடம். ஆபீஸ்ல தெரிஞ்சா திரும்ப டிக்கெட் கிழிக்க உக்கார வெச்சிருவாங்க. இந்த வேலைக்கு வேற ஆளு ரெடியா இருக்கு."

"ஏறும்போது நான் புடிச்சிக்கறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

என் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு அவர் சீட்டின் பின்புறத்தைப் பிடிக்கிறேன். அரை நம்பிக்கையோடு இறங்குகிறார். தாழத் தொங்கும் பூ ஒன்றை இரண்டு விரலால் விரித்து உள்ளே பார்க்கிறார்.

"அட, நெசமாவே லிங்கந்தான் மேடம்! மூணு மாசமா வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."